மலையமானும் புள்ளிமானும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால், கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் கல்வராயன் மலைத்தொடர் கண்முன் எழுந்து நிற்கும். அடிவாரத்தில் கோமுகி அணை. வளைந்து வளைந்து ஏறும் பாதையின் மேலே வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகிய இம்மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலைக்கு வடகிழக்கே, தென்பெண்ணை ஆற்றங்கரையில், திருக்கோவிலூர் இருக்கிறது. சங்ககாலத்தில் கோவலூர் என வழங்கிய அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குறுநில மன்னர்கள் மலையமான்கள். அவர்களுடைய நாடு மலாடு.

இப்பெயர்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மலையாளி என்பதில் ஓர் 'ஆளி' இருக்கிறது. கோயில் தூண்களில் வாய் பிளந்து நிற்கும் அந்தச் சிங்கம் போன்ற உருவத்துக்கு ஆளி என்றும் யாளி என்றும் பெயர். மலையமான் என்பதில் ஒரு 'மான்' இருக்கிறது. மலாடு என்பதில் ஓர் 'ஆடு' இருக்கிறது. மூன்று பெயர்களில் மூன்று விலங்குகள்! மலைவாழ் மக்கள் விலங்குகளின் பெயரைத் தமக்கும் தம் நாட்டுக்கும் சூட்டிக்கொண்டனர் என்று ஒருவர் கட்டுரை எழுதிவிட்டால் கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

ஆனால் இம்மூன்று பெயர்களிலும் எந்த விலங்கும் இல்லை. உண்மையாகவே விலங்கைத் தாங்கி நிற்கும் பெயர் அடிவாரத்து ஆற்றின் பெயர்தான். வடமொழியில் 'கோ' என்றால் பசு. கோமுகி என்றால் பசுவின் முகம் உடையது. கருவறையிலிருந்து நீர் வெளியேறும் துளைக்கும் கோமுகி என்றே பெயர். விலங்கு இருப்பதாகத் தோன்றும் இடத்தில் அது இல்லை. இல்லாததாகத் தோன்றும் இடத்தில் இருக்கிறது. சொல்லின் வரலாறு தெரியாமல் பெயரைப் படித்தால் இப்படித்தான் ஏமாற நேரும். எல்லாரும் அறிந்த 'மான்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது நடந்து வந்த பாதையை இங்கே காண்போம்.

ஆடும் ஆளியும்

முதலில் எளியவற்றை முடித்துவிடலாம். மலாடு என்பது மலையமான் நாடு என்பதன் சுருக்கம். நெடும்பெயர்கள் மக்கள் வாயில் தேய்ந்து உருமாறுவதை இலக்கணத்தார் மரூஉ என்பர். சோழநாடு சோணாடு ஆனதுபோல, மலையமான் நாடு மலாடு ஆயிற்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது மிலாடு என்றும் காணப்படுகிறது. இங்கே 'ஆடு' என்பது 'நாடு' தேய்ந்த மிச்சமே.

மலையாளி என்பது மலையை ஆள்பவர், மலைக்கு உரியவர் என்று பொருள்படும். தொழிலாளி, பாட்டாளி, கடனாளி என்ற சொற்களில் உள்ள அதே 'ஆளி'தான் இது. கல்வராயன் மலை மலையாளிகள் தமிழ் பேசுபவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவர்களிடையே வழங்கும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் பெயரை மட்டும் கேட்டு இவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடுவோர் இன்றும் உண்டு. தமிழ்நாட்டின் பழங்குடிகள் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தனித்து நிற்காமல் தென் ஆர்க்காடு, சேலம், தருமபுரி முதலிய மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சி அப்போது தென் ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2019ஆம் ஆண்டில். ஆக, ஒரு பெயரைச் சரியாகப் படிப்பது புலவர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு மக்கட்கூட்டத்தின் அடையாளமும் அதில் அடங்கியிருக்கிறது.

மகன் மான் ஆன கதை

இனி மலையமானுக்கு வருவோம். மலையில் திரியும் மானைத் தம் குலப்பெயராகக் கொண்டவர்களா இவர்கள்? இதற்கு விடை காண, இதேபோன்ற பிற பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சேரனுக்குச் சேரமான் என்றும் பெயர் உண்டு. அதியனுக்கு அதியமான் என்றும் பெயர் உண்டு. அவ்வாறே திருக்கோவிலூரை ஆண்ட காரியைச் சங்கப் புலவர்கள் மலையன் என்றும் மலையமான் என்றும் அழைத்தனர். சேரன்-சேரமான், அதியன்-அதியமான், மலையன்-மலையமான் என்று மூன்று இணைகள் வரிசையாக அமைகின்றன. மூன்று அரச குலங்களும் மானையே தேடிப் பெயரில் சேர்த்துக்கொண்டன என்று கொள்வதைவிட, 'மான்' என்பது பெயரின் ஈற்றில் வரும் ஓர் உறுப்பு என்று கொள்வதே பொருந்தும்.

அந்த உறுப்பு 'மகன்' என்பதன் திரிபு. சொல்லின் நடுவிலுள்ள ககரம் பேச்சில் கரைந்துபோக, முன் நின்ற குறில் நெடிலாக நீள்வது தமிழில் வழக்கமான மாற்றம். பகுதி பாதி ஆயிற்று. மிகுதி மீதி ஆயிற்று. அகப்பை ஆப்பை ஆயிற்று. அப்படியே மகன் மான் ஆயிற்று. பெருமகன் பெருமான்; கோமகன் கோமான். பழந்தமிழில் மகன் என்பது பெற்ற பிள்ளையை மட்டுமன்றி, ஒரு குலத்தைச் சேர்ந்த ஆடவனையும் குறித்தது. எனவே மலையமான் என்றால் மலையர் குலத்தவன், மலைநாட்டுத் தலைவன் என்பது பொருள்.

இது வெறும் ஊகம்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். இதற்குக் கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது. அதுவும் மலையமான் நாட்டிலேயே இருக்கிறது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மௌரியப் பேரரசர் அசோகர் வெட்டுவித்த பாறைக் கட்டளைகளில் இரண்டாவது கட்டளை, தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தென்னாட்டு அரசர்களைக் குறிப்பிடுகிறது. சோழர், பாண்டியரோடு 'கேரளபுத்திரர்', 'சதியபுத்திரர்' என்ற பொருள்படும் பிராகிருதப் பெயர்களும் அதில் உள்ளன. புத்திரர் என்றால் மகன். கேரளபுத்திரர் என்பது சேரர் மகன், அதாவது சேரமான் என்பதன் மொழிபெயர்ப்பு என்பது விளங்குகிறது. சதியபுத்திரர் யார்? இது வரலாற்று அறிஞர்களிடையே நெடுநாள் வழக்காக இருந்தது. பலர் பலவிதமாகச் சொன்னார்கள். அதியமானே சதியபுத்திரர் என்று சொன்னவர்களும் இருந்தனர். ஆனால் கையில் சான்று இல்லை.

அந்தச் சான்று 1981ஆம் ஆண்டில் கிடைத்தது. திருக்கோவிலூர் வட்டத்திலுள்ள ஜம்பை என்னும் ஊரின் குன்றில், ஒரு குகைத்தளத்தில், தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த ஒரு வரிக் கல்வெட்டை அரசு தொல்லியல் துறையினர் கண்டறிந்தனர். சதியபுதோ என்ற பட்டத்தை உடைய அதியன் நெடுமான் அஞ்சி என்பவன் அந்தத் தங்குமிடத்தை வழங்கினான் என்பது அதன் செய்தி. அசோகரின் கட்டளையில் உள்ள பிராகிருதப் பட்டமும், ஔவையாரால் பாடப்பெற்ற தகடூர் வேந்தனின் தமிழ்ப் பெயரும் ஒரே வரியில் அருகருகே நின்றன! கல்வெட்டெழுத்து அறிஞர் ஐராவதம் மகாதேவன் இதனைக் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டியதாகக் கணித்தார்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அவ்வூர் வேந்தனின் கல்வெட்டு மலையமான் நாட்டில் எப்படி வந்தது? அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றான் என்பதைப் புறநானூறு சொல்கிறது. இலக்கியமும் கல்வெட்டும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: அதியமானின் 'மான்' பிராகிருதத்தில் 'புதோ' எனப்பட்டது, அதாவது மகன் எனப்பட்டது. காட்டு மானை நினைத்திருந்தால் மொழிபெயர்த்தவர் வேறு சொல்லை அல்லவா இட்டிருப்பார்?

தமிழில் இன்னொரு 'மான்' ஈறும் உண்டு. புத்திமான், நீதிமான், பக்திமான் என்ற சொற்களில் வருவது அது. 'உடையவன்' என்று பொருள்படும் வடமொழி ஈறு அது. ஒலி ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறு.

மான் என்றால் விலங்கு

மகனிலிருந்து வந்த மானையும் வடமொழி மானையும் ஒதுக்கிவிட்டோம். எஞ்சி நிற்பது காட்டு மான். இதிலாவது சிக்கல் இல்லையே என்று எண்ண வேண்டா. சுவையான வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

பழந்தமிழில் 'மா' என்றால் விலங்கு. தொல்காப்பிய மரபியல், ஐயறிவு உடைய உயிர்களைச் சொல்லும்போது இச்சொல்லையே ஆள்கிறது. மா என்பதோடு னகர ஒற்றுச் சேர்ந்த வடிவமே மான். சங்க இலக்கியத்தில் கலிமான் என்றால் செருக்குடைய குதிரை. பரிமா என்றாலும் குதிரை. வயமான் என்றால் வலிமையுள்ள விலங்கு, அதாவது புலி அல்லது சிங்கம். அரிமான் என்றாலும் அரிமா என்றாலும் சிங்கம். கைம்மா என்றால் கையை உடைய விலங்கு, அதாவது யானை. இன்று லயன்ஸ் சங்கத்தை நாம் அரிமா சங்கம் என்று சொல்லும்போது, ஈராயிரம் ஆண்டுப் பழமையான இந்தப் பொருளையே அறியாமல் ஆள்கிறோம்.

சங்கப் பாடல்களிலேயே மான் என்ற சொல் இன்று நாம் அறிந்த மானையும் குறித்தது. இரண்டு பொருளும் ஒருங்கே வழங்கின. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். தேரோடும் போரோடும் சேர்ந்து மான் வந்தால் அது குதிரை. மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. தேரை இழுக்கும் மானைப் பற்றிப் படிக்கும் மாணவர், புள்ளிமான் பூட்டிய தேரைக் கற்பனை செய்தால் பிழை அவருடையது அன்று. சொல்லின் பொருள் மாறியதைச் சொல்லித் தராதவர்களுடையது.

பிற திராவிட மொழிகளிலும் இந்த இரட்டைத் தன்மையின் சுவடு உண்டு. மலையாளத்தில் மான் என்றால் மான்தான். தெலுங்கில் மாவு என்னும் பழைய சொல்லுக்குக் குதிரை என்று பொருள்.

பொதுச்சொல் ஏன் ஒரே விலங்குக்கு உரியதாகச் சுருங்கியது? பழந்தமிழர் மான் இனங்களைத் தனித்தனிப் பெயரிட்டு அழைத்தனர். நவ்வி, உழை, இரலை, மரை என்று பல பெயர்கள் இருந்தன. ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்ற வழக்குகளும் இருந்தன. காட்டோடு நெருங்கிய வாழ்வு குறையக் குறைய, இவற்றுள் பல பேச்சிலிருந்து மறைந்தன. மறைந்த பெயர்களின் இடத்தில் பொதுச்சொல்லாகிய மான் வந்து அமர்ந்தது. மறுபுறம், எல்லா உயிரையும் குறிக்க விலங்கு, மிருகம் என்ற சொற்கள் வலுப்பெற்றன. விலங்கு என்பதற்குக் குறுக்கே இருப்பது என்பது அடிப்படைப் பொருள். குறுக்கே கிடக்கும் மலைக்கு விலங்கல் என்று பெயர். நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கு மாறாக உடல் குறுக்காக நீண்டு நடப்பதால் விலங்கு எனப்பட்டது. ஆக, ஒரு சொல் சுருங்கியபோது வேறு சொற்கள் அதன் இடத்தை நிரப்பின.

மூன்று மொழிகள், ஒரே பாதை

இது தமிழுக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் மானுக்கு டீர் என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இச்சொல்லின் பழைய வடிவம் எந்த விலங்கையும் குறித்தது. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் சொல் டீயர் இன்றும் விலங்கு என்றே பொருள்படும். டச்சு, சுவீடிஷ் மொழிகளிலும் அப்படியே. ஷேக்ஸ்பியர் தம் லியர் அரசன் நாடகத்தில் எலிகளையும் சேர்த்து இச்சொல்லால் குறிப்பிடுகிறார். பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் பீஸ்ட், அனிமல் என்ற சொற்கள் வந்து பொதுப்பொருளை எடுத்துக்கொண்ட பிறகு, பழைய சொல் வேட்டையில் முதன்மை பெற்ற மானுக்கு உரியதாயிற்று.

வடமொழியின் 'மிருக' என்ற சொல்லும் இதே பாதையில் சென்றது. வேதங்களில் அது காட்டு விலங்கு எதையும் குறிக்கும். யானையை ரிக் வேதம் 'கையுடைய மிருகம்' என்று சொல்கிறது. தமிழின் கைம்மாவும் இதுவும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனியுங்கள். விலங்குகளின் அரசன் என்ற பொருளில் சிங்கத்துக்கு மிருகேந்திரன் என்று பெயர். பின்னர் இச்சொல் மானைச் சிறப்பாகக் குறிக்கலாயிற்று. இந்தியில் மிருக் என்றால் மான். தமிழிலோ மிருகம் பழைய பரந்த பொருளிலேயே தங்கிவிட்டது. ஆனால் மிருகசீரிடம் என்ற விண்மீனின் பெயரில் மட்டும் புதிய பொருள் ஒட்டியிருக்கிறது. அது விலங்கின் தலையன்று, மானின் தலை.

ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மொழிகள், தனித்தனியே, விலங்கு என்ற பொருளிலிருந்து மான் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தன. காட்டில் மனிதன் அதிகம் கண்டதும் அதிகம் வேட்டையாடியதும் மானாக இருந்ததே இதற்குக் காரணமாகலாம்.

இல்லாத ஒரு மான்

சொல் சுருங்கியதை மறந்ததால் தமிழில் ஒரு புதிய விலங்கே பிறந்துவிட்டது. அதுதான் கவரிமான். திருக்குறளில் மானம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவை உவமை காட்டுகிறார். கவரி என்பது சாமரம். அந்த மயிரைத் தரும் விலங்கு கவரிமா. இமயத்தின் உயரமான சரிவுகளிலும் திபெத்திலும் வாழும் யாக் என்னும் காட்டெருது இனமே அது. பசுவும் எருதும் அடங்கிய போஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பதிற்றுப்பத்திலும் கவரி இமயமலையில் வாழும் விலங்காகவே வருகிறது.

அந்தக் குளிர்நாட்டில் உடலைப் போர்த்திய நீண்ட மயிரே அதற்குக் காப்பு. ஆயினும் மயிரை இழந்த உடனே அது மாண்டுவிடுவதில்லை. யாக் வளர்ப்போர் ஆண்டுதோறும் அதன் மயிரைச் சீவியும் கத்தரித்தும் எடுக்கின்றனர். வள்ளுவர் எடுத்தாண்டது கவிமரபில் வழங்கிய ஒரு நம்பிக்கை. உவமையின் அழகு இதனால் குறைந்துவிடாது.

காலப்போக்கில் கவரிமா மக்கள் நாவில் கவரிமான் ஆயிற்று. உண்மையில் இந்த வடிவமும் தவறன்று. மான் என்றாலே விலங்குதான் என்ற காலத்தில் இரண்டும் ஒன்றே. தவறு சொல்லில் இல்லை. அதைக் கேட்ட நம் காதில் இருக்கிறது. மான் என்ற ஒலியைக் கேட்டதும் துள்ளி ஓடும் புள்ளிமானை நினைத்துக்கொண்டோம். மேடைப் பேச்சுகளில் அது வளர்ந்தது. 1979இல் ஒரு திரைப்படத்துக்கே கவரிமான் என்று பெயர் வைத்தனர். பனிமலையில் மேயும் கனத்த எருது, தமிழர் மனத்தில் மெல்லிய மானாக மாறிவிட்டது.

பெயரும் அறிவியலும்

இன்றைய விலங்கியல் மான் என்பதை எப்படி வரையறுக்கிறது? செர்விடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவையே உண்மை மான்கள். பெரும்பாலும் ஆணுக்கே கொம்பு உண்டு. அக்கொம்பு எலும்பால் ஆனது; ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும்; பெரும்பாலும் கிளைவிடும். புள்ளிமானும் கடமானும் இவ்வகையின.

வெளிமான் என்றும் கலைமான் என்றும் சொல்லப்படும் முறுக்குக் கொம்பு மானோ போவிடே என்ற வேறு குடும்பத்தது. மாடும் ஆடும் அடங்கிய குடும்பம் அது. அதன் கொம்பில் உள்ளே எலும்பும், மேலே நகம் போன்ற பொருளால் ஆன உறையும் இருக்கும்; கிளைவிடாது; உதிராது. சென்னை கிண்டி தேசியப் பூங்காவுக்குச் சென்றால் புள்ளிமானையும் வெளிமானையும் ஒரே இடத்தில் கண்டு இந்த வேறுபாட்டை அறியலாம். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது. அது டிராகுலிடே என்ற மூன்றாவது குடும்பம். மாறாக, ஆடு என்ற பெயரைத் தாங்கிய கேளையாடு செர்விடே குடும்பத்தைச் சேர்ந்த உண்மையான மான்! மூன்று குடும்பங்களை மான் என்ற ஒரே பெயர் தழுவி நிற்பது, அச்சொல் ஒரு காலத்தில் எவ்வளவு அகன்றிருந்தது என்பதை இன்னும் நினைவூட்டுவது போல் இருக்கிறது. மக்கள் வைத்த பெயர் தோற்றத்தையும் பழக்கத்தையும் பார்த்து வைத்த பெயர். அறிவியல் வைத்த பெயர் உறவைப் பார்த்து வைத்த பெயர். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைப் பிழை என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் அறிந்திருந்தால் போதும்.

பெயரைப் படிக்கும் முறை

பழைய பெயர் ஒன்றைக் காணும்போது மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். அதே அமைப்புடைய வேறு பெயர்கள் உண்டா? சேரமானும் அதியமானும் மலையமானை விளக்கியது இவ்வகையில். அப்பெயரை வேறு மொழியினர் எப்படி எழுதினர்? அசோகரின் கட்டளை உதவியது இவ்வகையில். அச்சொல் பழைய நூல்களில் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது? தேரிழுக்கும் மான் குதிரை என்று தெரிந்தது இவ்வகையில்.

ஜம்பைக் கல்வெட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரு குகையில் யாரும் படிக்காமல் கிடந்தது. கல் அழிந்திருந்தால் அதியமானும் சதியபுத்திரரும் ஒருவரே என்பதற்கு நேர்ச்சான்று இல்லாமல் போயிருக்கும். பேச்சில் வாழும் சொற்களுக்குக் கல்லின் உறுதியும் கிடையாது. நவ்வியும் உழையும் பேச்சிலிருந்து மறைந்ததுபோல, இன்று கல்வராயன் மலையிலும் அடிவாரச் சிற்றூர்களிலும் முதியோர் வாயில் வழங்கும் விலங்கு, பறவை, செடி, கொடிப் பெயர்களும் எழுதி வைக்கப்படாவிட்டால் மறைந்துபோகும். கோடை விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தாத்தா, பாட்டியின் அருகில் அமரும் மாணவர் எவரும் இந்த வேலையைத் தொடங்கலாம். ஒவ்வொரு பெயரையும் அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதி, அது குறிக்கும் உயிரின் நிறத்தையும் பழக்கத்தையும் பக்கத்தில் குறித்து வைத்தால் போதும். பொருளாராய்ச்சி பின்னர் வரும்.